மோட்டார் படகில் காற்று: புதிதாகப் படகோட்டுபவர்களுக்கு

சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கும்போது மிதவைகளின் நிறம், இரவு விளக்குகள், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்கிறோம். உரிமம் கைக்கு வந்ததும் பழைய படகு ஒன்றை வாங்கியோ நண்பரின் படகை வாங்கிக்கொண்டோ குடும்பத்தோடு லாசரஸ் தீவுப் பக்கம் கிளம்பிவிடுகிறோம். அந்தப் படகுக்குள் நாம் சுவாசிக்கப்போகும் காற்றைப் பற்றி எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள என் மைத்துனியின் மகள் மயங்கிச் சாய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை தூறியது. நனையாமல் இருக்க முன்பக்கத்தையும் இரு பக்கங்களையும் கேன்வாஸ் திரை போட்டு மூடிவிட்டு, பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தேன். செயிண்ட் ஜான்ஸ் தீவைச் சுற்றி ஒரு மணி நேரம் மெதுவாக வந்தோம். ஒன்பது வயதுக் குழந்தை, பின் இருக்கையில் படுத்திருந்தது. “தலை வலிக்குது சித்தப்பா” என்றாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சி மிட்டாய் கொடுத்தோம். கரை வந்து எழுப்பினால் அவளால் நிற்க முடியவில்லை. கயிற்றை வாங்கிக் கட்ட வந்த தமிழ் மெக்கானிக் ஒருவர் படகை ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, இது கடல் மயக்கம் இல்ல. பின்னால மட்டும் திறந்து வெச்சு ஓட்டினீங்களா? புகை குடிச்சிருக்கா. முதல்ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.” மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்த பிறகு தேறிவிட்டாள். அந்த மனிதரிடம் அடுத்த பல மாதங்கள் கேட்டுக் கேட்டுக் கற்றதும், நானாகப் படித்துச் செய்து பார்த்ததும்தான் இங்கே இருப்பது.

இரண்டு ஆபத்து, இரண்டு குணம்

முதலாவது பெட்ரோல் ஆவி. காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. தண்ணீரைப்போல வடிந்து படகின் அடிவயிற்றில், பில்ஜ் என்று சொல்கிறோமே அங்கே, போய்த் தேங்கும். காரில் பெட்ரோல் கசிந்தால் ஆவி தரையில் பரவிக் காற்றோடு கலைந்துபோகும். படகு ஒரு கிண்ணம்; உள்ளே விழுந்தது வெளியே போக வழியில்லை. காற்றில் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஒரு குவளை பெட்ரோல் முழுதும் ஆவியானால் 2 கன மீட்டர் இடத்தை அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறிய எஞ்சின் அறை அதைவிடப் பெரிதாக இருப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. நம் ஊர் மதிய வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: பெட்ரோலுக்கு வாசனை உண்டு. மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையில் வருவது. நிறமில்லை, மணமில்லை. காற்றின் எடைதான் ஏறக்குறைய அதற்கும், ஆகவே அடியிலும் தங்காது, கூரைக்கும் போகாது, இருக்கும் இடமெல்லாம் கலந்து நிற்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு, அதாவது 400 பிபிஎம் இருந்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெற்றி வலி தொடங்கும். 1,600 பிபிஎம் என்றால் 20 நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும். ஒரு மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். 1,600 பிபிஎம் என்பது ஒரு விழுக்காட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, பெட்ரோலுக்கு மூக்கை நம்புங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மூக்கை நம்பவே நம்பாதீர்கள். “புகை நாற்றம் வரலையே” என்று சொல்பவரைத்தான் நான் அதிகம் பயந்து பார்க்கிறேன்.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. டீசல் எளிதில் ஆவியாகாது, கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் எஞ்சினைவிட மிகக் குறைவாகவே வரும். குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. டீசல் படகிலும் கீழே வருபவற்றில் பாதிக்குமேல் பொருந்தும்.

எஞ்சினைக் கிளப்பும் முன்

உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சின், அதாவது இன்போர்ட், உள்ள படகு என்றால் வரிசை இதுதான். மாற்றாதீர்கள்.

1. எந்த சுவிட்சையும் தொடும் முன் எஞ்சின் மூடியைத் திறங்கள். குனிந்து, மூக்கைக் கீழே கொண்டுபோய் முகருங்கள். நின்றபடி முகர்ந்தால் பயனில்லை, ஆவி கீழேதான் இருக்கும்.

2. பெட்ரோல் வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எல்லாரையும் படகைவிட்டு இறக்குங்கள். எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள், எந்த சுவிட்சையும் போடாதீர்கள், கைப்பேசியையும் உள்ளே தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கசிவு எங்கே என்று தெரியாமல் அன்றைய பயணம் கிடையாது. லாசரஸ் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

3. வாசனை இல்லை என்றால் புளோயரை, அதாவது எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியை, போடுங்கள். குறைந்தது 4 நிமிடம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கூச்சலில் 4 நிமிடம் என்பது ஒன்றரை நிமிடமாகச் சுருங்கிவிடும்.

4. மறுபடி ஒருமுறை முகர்ந்துவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். துறையைவிட்டு வெளியேறும்வரை, மெதுவாக ஓடும் நேரமெல்லாம், புளோயர் ஓடட்டும். வேகம் எடுத்த பிறகு நிறுத்தலாம்.

புளோயரைப் பற்றி ஒரு விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய பழைய படகில் சுவிட்சைப் போட்டால் விர்ரென்று சத்தம் வரும். வெளியே உள்ள துளையில் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால் படபடவென்று அடிக்கும். நல்ல புளோயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் டிஷ்யூவை வாங்கி, எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, குழாயின் கீழ் முனையில் பிடித்தார். காகிதம் அசையவே இல்லை. மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர்க் குழாய், மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே வெயிலில் வெடித்துப் பிளந்திருந்தது. புளோயர் மேல்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்க, அடியில் இருப்பது அப்படியே கிடந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ. ஆகவே டிஷ்யூவைக் கீழ் முனையில் பிடித்துப் பாருங்கள். அந்த முனை எஞ்சின் அறையின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதே சமயம் பில்ஜில் வழக்கமாகத் தேங்கும் தண்ணீரில் மூழ்கவும் கூடாது. மூழ்கினால் காற்று ஏறாது.

படகின் ஓரத்தில் சங்கு மாதிரி வளைந்த காற்றுவாய்கள் இருந்தால், உள்ளிழுப்பது முன்னோக்கியும் வெளிவிடுவது பின்னோக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். துணி, கயிறு, மிதவைச் சட்டை எதையும் அதன்மேல் போட வேண்டாம்.

பழுது பார்க்கும்போது கார் உதிரிபாகங்களை வாங்கிப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். விலை பாதிதான். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி மூடிக் கட்டியவை. காருக்குச் செய்தவற்றில் அந்தத் தடுப்பு கிடையாது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பின்னால் தொங்கும் அவுட்போர்ட் எஞ்சின் கொண்ட திறந்த படகு என்றால் புளோயர் இருக்காது, தேவையும் இல்லை. இருக்கைக்கு அடியில் டேங்க் வைத்திருக்கும் பெட்டி மூடியே கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது

தூக்கி எடுக்கக்கூடிய டேங்க்கை ஒருபோதும் படகுக்குள் வைத்து நிரப்பாதீர்கள். துறைமேடையில் இறக்கி வைத்து நிரப்பிவிட்டு, வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு ஏற்றுங்கள். பொருத்திய டேங்க் என்றால் முதலில் ஆட்களை இறக்குங்கள். எஞ்சின், ஜெனரேட்டர், அடுப்பு, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கதவு, ஜன்னல், மூடி அனைத்தையும் சாத்துங்கள், ஊற்றும்போது எழும் ஆவி உள்ளே இறங்கக் கூடாது. பம்பின் முனை நிரப்பும் வாயின் உலோகத்தைத் தொட்டபடியே இருக்கட்டும், நிலைமின்சாரப் பொறி எழாது. விளிம்புவரை நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரிந்து வழியும்.

முடிந்ததும் சாத்தியதையெல்லாம் திறந்து, முகர்ந்து, புளோயரை மறுபடி 4 நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே எஞ்சினும் ஆட்களும்.

ஓடும்போது: ஒரு நூல் போதும்

குழந்தைக்கு நேர்ந்தது ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. படகு முன்னால் போகிறது, புகை பின்னால் போகிறது, அப்புறம் எப்படி உள்ளே வரும்? மெக்கானிக் அண்ணன் வாயால் விளக்கவில்லை. என் மனைவியின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தின் வெறும் நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கி, பின்பக்கக் கூரைக் கம்பியில் கட்டிவிட்டார். திரைகளை அன்றுபோலவே போடச் சொன்னார். துறையைவிட்டு வந்து, அணியம், அதாவது படகின் முன்முனை, சற்றுத் தூக்கிய நிலையில் மெதுவாக ஓட்டினேன். நூல் பின்னால் பறக்கும் என்று பார்த்தால், வளைந்து திரும்பி, நேராக எங்கள் முகத்தை நோக்கி நீண்டு நின்றது. படகு முன்னே போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. புகை அந்தப் பள்ளத்தில் சுழன்று, திறந்திருக்கும் பின்வாசல் வழியாக உள்ளே ஏறுகிறது. அவர் எழுந்துபோய் முன்ஜன்னலைத் திறந்தார். நூல் ஒரு கணம் தொங்கி, பிறகு பின்பக்கம் திரும்பிப் பறந்தது.

நீங்களும் கட்டிப் பாருங்கள். செலவில்லை. வெவ்வேறு வேகத்தில், திரை போட்டும் போடாமலும் ஓட்டி, உங்கள் படகில் எப்போது நூல் உள்ளே திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை வந்தாலும் முன்னாலும் ஒரு திறப்பு இருக்க வேண்டும். காற்று முன்னால் நுழைந்து பின்னால் போக வேண்டும். அணியம் அதிகம் தூக்கி நின்றால் ஆட்களை முன்னால் உட்காரவையுங்கள். பின்காற்று அடிக்கும்போது காற்றின் வேகமும் படகின் வேகமும் ஒன்றாகிவிட்டால் புகை உங்களோடு கூடவே பயணம் செய்யும். வேகத்தையோ திசையையோ மாற்றுங்கள். பின் இருக்கையில் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பின்தட்டில், அதாவது நீந்துபவர்கள் ஏறி இறங்கப் படகின் பின்னால் இருக்கும் தட்டில், யாரும் உட்காரவோ, அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கி வரவோ கூடாது. அங்கேதான் புகைக்குழாயின் வாய் இருக்கிறது.

நங்கூரம் போட்ட பிறகு

சிங்கப்பூரில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த நேரம்தான். குளிர்நாட்டில் எழுதிய படகுப் புத்தகங்கள் ஹீட்டரைப் பற்றி எச்சரிக்கும். நமக்கு ஹீட்டர் கிடையாது, ஆனால் ஏசி இருக்கிறது. துறையில் கட்டியிருக்கும்போது ஏசி கரைமின்சாரத்தில் ஓடும், பிரச்சினை இல்லை. லாசரஸ் கடற்கரைக்கு முன்னால் நங்கூரம் போட்டால் ஏசிக்காக ஜெனரேட்டரை ஓட்டியாக வேண்டும். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடுவோம். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் உள்ளே படுக்கை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும் காலத்தில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும், காற்றில் இலைகூட அசையாது. ஜெனரேட்டர் விட்ட புகை படகைச் சுற்றியே நிற்கும். வார இறுதியில் நான்கைந்து படகுகளை விலாவோடு விலாவாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். உங்கள் ஜெனரேட்டர் அணைந்திருந்தாலும் பக்கத்துப் படகின் புகைவாய் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டு அடியில் இருக்கலாம்.

படகு ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்வித்துச் சுற்றிவிடும். குளுகுளுவென்று இருப்பது நல்ல காற்று என்று உடம்பு நம்பிவிடும். சில பழைய படகுகளில் ஏசி உள்ளிழுக்கும் வாய் எஞ்சின் அறையின் பக்கமோ பில்ஜின் மேலோ திறந்திருக்கிறது. உங்கள் படகில் அப்படி இருந்தால் முதல் வேலையாக அடைத்து, கேபினுக்குள் மாற்றுங்கள்.

நான் கடைப்பிடிப்பது இது. ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே யாரும் தூங்குவதில்லை. காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும், குளிர் போனால் போகட்டும். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும் படகிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நங்கூரம் போடுகிறேன். சேர்த்துக் கட்டத்தான் வேண்டும் என்றால் எல்லாப் படகிலும் எல்லாம் அணைக்க வேண்டும் என்று பேசிவிட்டுத்தான் கயிறு கொடுப்பேன். ஆரம்பத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

நீந்துபவர்கள் இருக்கும்போது எதுவும் ஓடக் கூடாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பவல் ஏரியில் சிறுவர்கள் இருவர், அண்ணன் தம்பி, ஒரு வீட்டுப்படகின் பின்தட்டுக்கு அடியில் இருந்த குழிவுக்குள் நீந்திப் போய் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அந்தக் குழிவுக்குள் விழும்படி படகை வடிவமைத்திருந்தார்கள். திறந்த வெளி, சுற்றிலும் தண்ணீர், மேலே வானம்.

சமையலும் இங்கேதான் வருகிறது. சாத்தே சுடும் கரியடுப்பைப் படகில் கொளுத்தாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரிகூட மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். ஸ்டீம்போட்டுக்கு வைக்கும் சின்ன கேஸ் டப்பா அடுப்பும் கேபினுக்குள் வேண்டாம். அதிலுள்ள பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனம், கசிந்தால் பெட்ரோல் ஆவி போகும் அதே இடத்துக்குத்தான் போகும். நாங்கள் தேக்காவிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறோம்.

அலாரம்

தூங்கும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், படகுக்கென்று செய்தது. படுத்திருப்பவரின் தலை உயரத்தை ஒட்டி, ஏசிக் காற்று நேராக அடிக்காத இடத்தில், ஜன்னலைவிட்டுத் தள்ளி மாட்டுங்கள். வீட்டுக் கூரையில் இருக்கும் புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பழைய படகோடு வந்த அலாரம் பச்சை விளக்கு எரிந்தாலும் உள்ளே செத்துப்போயிருக்கலாம். பெட்ரோல் ஆவிக்கான அலாரம் வேறு, அது கீழே, எஞ்சின் அறையில் இருக்க வேண்டியது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். “சும்மா கத்துது” என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. அது கத்தினால் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை புகைக்குழாய் போகும் வழி முழுதும் டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்புகளில் கரும்புகைக் கறை, துரு வழிந்த கோடு, உப்புப் பூத்த வெள்ளை, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அங்கே கசிகிறது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அது மேலே ஏறும் வாயு, ஆகவே பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கம் துளை வேண்டும். பல நாள் மூடிக்கிடந்த நங்கூரச் சங்கிலி அறைக்குள் தலையை விடாதீர்கள்; துருப்பிடிக்கும் இரும்பு அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். திறந்து காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நிற்க இறங்குங்கள். புகைமூட்ட நாள்களில், 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதே அதுபோன்ற நாள்களில், வெளிப்புகைக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி ஜெனரேட்டரைப் போடத் தோன்றும். அன்றைக்குக் கடலுக்கே போகாதீர்கள்.

யாருக்காவது தலை வலித்தால்

தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், கால் தள்ளாட்டம். கடல் மயக்கத்துக்கும் இதே அறிகுறிகள்தான், அதனால்தான் ஏமாறுகிறோம். அலை இல்லாத நாளில் ஒருவருக்கு வந்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தாலோ, காற்றில் தலை நீட்டியதும் குறைந்தாலோ, புகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், ஜெனரேட்டர் இரண்டையும் அணையுங்கள். எல்லாரையும் திறந்த வெளிக்கு, காற்று வரும் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நங்கூரம் போட வேண்டியிருந்தால் போடுங்கள், கப்பல் பாதையில் மிதந்துகொண்டிருக்க முடியாது. விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். கரையில் இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதில் ஏமாற்றும். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று கொடுத்ததே, அது பலர் கைப்பையில் இன்னும் இருக்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாகக் கிடப்பவருக்கும் 98 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். இறுக்கமான முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம்.

ஆம்புலன்ஸ் வந்ததும் “படகில் எஞ்சின் புகை, இத்தனை நேரம் உள்ளே இருந்தார்கள்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெறும் மயக்கம் என்றால் வேறு எதையோ தேடுவார்கள். கேபினில் கூட இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். எங்கள் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் “எனக்கு ஒண்ணுமில்ல” என்றுதான் சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள்.